ஈரச் சப்பாத்து

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் காயவே காயாத சாமான் எது என்று யாராவது கேட்டால் ரத்தினம்மா யோசிக்காமல் சொல்லிவிடுவாள்: அவள் புருஷன் ராஜலிங்கத்தின் சப்பாத்து. துணி எப்படியாவது காய்ந்துவிடும். விறகுகூட அடுப்பு மேட்டில் கிடந்து காய்ந்துவிடும். அந்தக் கறுப்புத் தோல் சப்பாத்து மட்டும் காயாது. கண்டி டவுனில் ஒரு கடைத்தொகுதிக்கு முன்னால் வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் ராஜலிங்கம் செக்கியூரிட்டி. வருகிற காருக்கு வழி காட்டி, போகிற காருக்கு சல்யூட் அடித்து, மழை பெய்தால் மழையிலேயே நிற்கிற உத்தியோகம். தலைக்கு ரெயின்கோட் இருக்கிறது, காலுக்கு என்ன இருக்கிறது? சாயந்தரம் மலையேறி லயத்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கவிழ்த்தால் மகாவலி ஆற்றில் பாதி கொட்டும். காலையில் அதையே மறுபடி மாட்டிக்கொண்டு இறங்குவான்.

அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் பார்க்காமல் இல்லை. போன சோடியை அப்படித் தொங்கவிட்டுத்தான் அடித்தோல் வாயைப் பிளந்துகொண்டது. செக்கியூரிட்டி கம்பனிக்காரன் நாலு ஏச்சோடு இந்தச் சோடியைக் கொடுத்திருந்தான். பழைய பேப்பரைத் திணித்தும் பார்த்தாள். பேப்பர் நனைந்ததுதான் மிச்சம். நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சப்பாத்து வாசலில் இருந்தால் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி ஜன்னலைச் சாத்துவாள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, சின்னமுத்துவுக்குக் கால் போகும்வரை. சின்னமுத்து ரத்தினம்மாவின் தம்பி, அதே லயத்தில் கடைசியாக உள்ள தொங்கல் காம்பராவில் இருக்கிறவன். சீனி வருத்தக்காரன், சர்க்கரை நோயாளி. விரலிடுக்கில் ஒரு சின்னப் புண் வந்தது. இன்றைக்கு ஆறும் நாளைக்கு ஆறும் என்று ஈரக்காலோடு திரிந்தான். கடைசியில் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான். தினமும் வேலைக்குப் போகும்போது அவனைத் தாண்டித்தான் ரத்தினம்மா போக வேண்டும். அவளால் கால் இல்லாத பக்கம் மடித்துக் கட்டிய அந்தச் சாரத்தைப் பார்க்க முடிவதில்லை. ராஜலிங்கத்துக்கும் அதே சீனி இருந்தது. அடுத்தது இந்தக் கால்தானோ என்று ராத்திரியெல்லாம் அவளுக்குப் பயம்.

போன கிளினிக்கில் அந்தப் பயம் இன்னும் ஒரு படி ஏறியது. டொக்டர் பரமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தாத மனிதர்.

"சீனி இன்னும் கூடத்தான் நிக்குது. அதைவிட எனக்கு உங்கட காலிலதான் யோசனை. சப்பாத்தைக் கழட்டுங்கோ, பாப்பம்."

ராஜலிங்கம் நெளிந்தான். "ஈரத்துல நாடா இறுகிக் கெடக்குதுங்க சேர். கழட்டுனா ரூமே நாறிரும்."

"நாத்தத்துக்கு நான் பயமில்லை. கழட்டுங்கோ."

குனிந்து நாடாவோடு மல்லுக்கட்டினான். முடிச்சு அவிழவில்லை. கதவுக்கு வெளியே கூட்டம் முட்டியது.

"கால் விறைச்சுக் கிடக்கோ? குத்தினாத் தெரியுதோ?"

"நல்லாத் தெரியுதுங்க சேர்."

"சரி. ஆனா பாக்காமல் விடமாட்டன். அடுத்தமுறை செருப்போட வாங்கோ. அதுவரைக்கும் காலை ஈரமா வைச்சிருக்கக் கூடாது. விளங்குதோ?"

ரத்தினம்மாவுக்கு விளங்கியது. ஈரம்! தம்பியின் காலைத் தின்ற ஈரம், புருஷனின் காலை டொக்டருக்குக் காட்டக்கூட விடாத ஈரம். வெளியே வரும்போது அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாடா முடிச்சு இத்தனை பேருக்கு முன்னால் குடும்ப மானத்தை வாங்கிவிட்டதே என்று அந்தச் சப்பாத்தின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

இத்தனைக்கும் அது லேசுப்பட்ட கால் இல்லை. இந்த வருஷ அம்மன் திருவிழாவில் தீ மிதித்த கால். ராஜலிங்கம் வருஷா வருஷம் மிதிக்கிறவன்தான். மற்றவர்களைப் போல, தீக்குழியின் இந்தத் தலையில் 'தாயே' என்று அலறி அந்தத் தலையில் பால் ஊற்றி வைத்த பள்ளத்தில் போய் விழும்வரை பிடித்த ஓட்டம் விடாமல் ஓடுகிறவன். இந்த வருஷம் ஓடவில்லை. நடந்தான். கல்யாண மாப்பிள்ளை நடக்கிற மாதிரி நடந்தான். நடுக்குழியில் நின்று கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். தப்பு மேளம் அடித்தவர்கள் அடிக்க மறந்துபோனார்கள். பூசாரி கறுப்பையா தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டு, "ஆத்தா கால்ல எறங்கிட்டாடா" என்று அழுதார்.

அப்புறம் கேட்கவா வேண்டும். பிள்ளைகளைக் கொண்டுவந்து அந்தக் காலடியில் போட்டார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்தெல்லாம் வந்து விழுந்து எழுந்தார்கள். ரத்தினம்மாவும் விழுந்தாள். கட்டிய புருஷன் என்று பார்க்காமல் இரண்டு பாதத்தையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பியின் காலை எடுத்துக்கொண்ட ஆத்தா புருஷனின் காலில் வந்து குடியிருக்கிறாளே என்று தேம்பினாள்.

அன்றிலிருந்து ராஜலிங்கம் வீட்டுக்குள்ளும் மேசு போட்டுக்கொண்டான், சப்பாத்துக்குள் போடுகிற அந்த நைலோன் காலுறைதான். "தீ மிதிச்ச கால மண்ணுல வைக்கப்படாது புள்ள" என்றான். படுக்கும்போதும் மேசுதான். அதை அவனே லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணீரில் அலசி அவனே கொடியில் போட்டான். ஒரு சட்டைப் பொத்தானைக்கூடத் தானே போடத் தெரியாத மனிதன் மேசு அலசுகிறானே என்று அவள் உள்ளூரச் சிரித்துக்கொண்டாள். ஆத்தா வந்தால் ஆம்பிளைக்கும் புத்தி வரும் போலிருக்கிறது என்று தம்பியிடம் சொன்னாள்.

ரத்தினம்மாவுக்கு வேலை கண்டியில் ஒரு ஹோட்டலின் லோண்டரியில். அங்கேதான் அந்த மெஷினைப் பார்த்தாள். ஹந்தானை மலை ஏறிவிட்டு வந்த வெள்ளைக்காரன் ஒருவன், சேறும் தண்ணீருமாக இருந்த தன் பூட்ஸை ஒரு சின்னப் பெட்டியின் இரண்டு குழாய்களில் கவிழ்த்துச் செருகி பிளக்கைப் போட்டான். படுக்கை விரிப்புகளை அயன் பண்ணி முடித்துவிட்டு வந்து பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தரம் கையை விட்டுப் பார்த்தாள்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். ராஜலிங்கம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். லயத்துக் கரண்ட் தாங்காது என்றான். ஊர் சிரிக்கும் என்றான். "சப்பாத்துக்கு மெஷினாம். அப்பறம் தொப்பிக்கு ஒன்னு, பெல்ட்டுக்கு ஒன்னு" என்று கேலி பண்ணினான். அவள் மசியவில்லை. "ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். ஒங்க காலு எனக்கு வேணும்" என்றாள். அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான்.

கண்டிக் கடைகளில் அப்படி ஒரு சாமானை யாருக்கும் தெரியவில்லை. தலைமுடி காயவைக்கிற மெஷினை எடுத்துக் காட்டினார்கள். பிலிமத்தலாவையில் மஹ்ரூப் நானாவின் கடைக்குப் போய்ப் பாருங்கள், உலகத்தில் இல்லாத சாமானெல்லாம் அங்கே இருக்கும் என்று லோண்டரியில் ஒருத்தி சொன்னாள். ராஜலிங்கத்தின் டியூட்டி முடிந்த கையோடு, நனைந்த சப்பாத்தும் அவனுமாகக் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏற்றினாள். அடுத்த கிளினிக் நெருங்கிக்கொண்டிருந்தது.

மஹ்ரூப் வாட்டசாட்டமான மனிதர். வியாபாரத்துக்காகச் சிரிக்கிறாரா, சும்மாவே சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். சாமானைப் பற்றிக் கேட்டதும் அவருக்கே குஷி வந்துவிட்டது.

"சப்பாத்துக் காயவைக்கிற மெஷினா? ஈக்கி அக்கா, மூணு மாதிரி ஈக்கி. இவ்வளவு நாளா ஒருத்தரும் கேட்டு வரல்ல. சந்திரிகா, எல்லாத்தையும் எடுத்து வைங்க!"

உள்ளேயிருந்து வந்த பெண் ராஜலிங்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஹந்தானை மேல் டிவிஷன்காரி. தினமும் இரண்டு பஸ் மாறி வந்து இந்தக் கடையில் வேலை செய்கிறவள். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"நம்ம மாமா! மொதலாளி, இவருதான் அன்னைக்கி நெருப்புல நின்னு சாமி கும்புட்டவரு. எங்கம்மா இவரு கால்ல விழுந்தப்பறந்தான் எழுந்து நடமாடுறாங்க."

"அப்புடியா!" என்று மஹ்ரூப் கதிரையைத் துடைத்துப் போட்டார். ராஜலிங்கம் கூச்சத்தோடு உட்கார்ந்தான். ரத்தினம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சப்பாத்தைக் கழற்ற அவளும் சந்திரிகாவும் சேர்ந்து நாடாவைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவழியாக அவிழ்ந்தது. மணம் கடையெங்கும் எழுந்தது. மஹ்ரூப் நாகரிகமாகத் தும்மினார்.

"மேசு ரெண்டயும் கழட்டுங்க அண்ணே. அதயும் காயப்போட்டுப் பாக்கலாம்."

"வேணாங்க மொதலாளி. குளிருது" என்றான் ராஜலிங்கம், காலைக் கதிரைக்கடியில் இழுத்துக்கொண்டு.

மூன்று மெஷினும் அவன் முன்னால் தரையில் வரிசையாக வந்தன. முதலாவது பாதம் போலவே செய்த ஒரு சோடி. சப்பாத்துக்குள் ஒவ்வொன்றாக விட்டு பிளக்கைப் போட்டால் அடித்தகடு சூடாகும், அவ்வளவுதான். இரண்டாவது வெள்ளைக்காரன் வைத்திருந்த மாதிரி, குழாய் இரண்டும் நிமிர்ந்து நின்று காற்று ஊதுகிற சாதி. மூன்றாவது ஒரு பெட்டி. கதவெல்லாம் வைத்து, குடும்பத்துச் சப்பாத்து மொத்தத்தையும் உள்ளே அடுக்கிவிடலாம்.

"இது எங்களுக்கு எதுக்கு நானா? இத வச்சா நாங்க வெளியிலதான் படுக்கணும்" என்று பெட்டியைத் தள்ளிவைத்தாள் ரத்தினம்மா. மற்ற இரண்டில் எது என்பதுதான் கேள்வி. பாதம் சின்னது, மூலையில் போட்டு வைக்கலாம். கரண்டும் குறைவு. ஆனால் வெறும் சூடு. லோண்டரியில் இருக்கிறவளுக்கு வெறும் சூட்டின் மேல் நம்பிக்கை இல்லை. அடுப்புச் சூட்டில் வாயைப் பிளந்த சப்பாத்தை அவள் மறக்கவில்லை.

"ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

சப்பாத்துகளைக் குழாய் மெஷினில் கவிழ்த்தார்கள். உஸ்ஸென்று காற்று கிளம்பியது. பாதச் சோடியைச் சும்மா தரையில் வைத்துப் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைத் தூக்கிப் பார்க்கப்போன சந்திரிகா "ஐயோ!" என்று கையை உதறிக் கீழே போட்டாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

"இது சும்மா காட்டுறதுக்கு வச்ச பீஸ்" என்றார் மஹ்ரூப் அவசரமாக. "சூடு கூடினா தானா நிக்கிறது இதுல பழுது. புதுசுல அப்புடி ஒன்னுமில்ல அக்கா. சந்திரிகா, அந்த பிளக்கக் கழட்டுங்க." சொல்லிக்கொண்டே பாதச் சோடியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அது ராஜலிங்கத்தின் கதிரைக்கடியில் போனது.

சந்திரிகா சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே எட்டி ஒரு வயரைப் பிடுங்கினாள். பிடுங்கியது குழாய் மெஷினின் வயரை. உஸ்ஸென்ற காற்று நின்றது.

அவ்வளவுதான், எல்லாருடைய கவனமும் குழாய் மெஷினுக்குப் போய்விட்டது. மஹ்ரூப் ஸ்விட்சைத் தட்டினார். சந்திரிகா குழாயை ஆட்டினாள். "பாத்தியா புள்ள, இதுக்குத்தான் வேணாம்னேன்" என்று ராஜலிங்கம் கதிரையில் சாய்ந்துகொண்டு கேலி பண்ணினான். வயர் கழன்று கிடப்பதைக் கடைசியில் ரத்தினம்மாதான் பார்த்து மாட்டினாள். காற்று மறுபடி கிளம்பியது. சப்பாத்துக்குள் விரலை விட்டாள். வெதுவெதுப்பு. அவளுக்கு மனம் நிறைந்தது.

"இதுதான் நானா. இதையே கட்டுங்க."

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

லோண்டரியில் அயன் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு அது என்ன மணம் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நைலோன் கருகுகிறது. பதறிப்போய்ச் சப்பாத்தைக் குழாயிலிருந்து உருவி மோந்து பார்த்தாள். சப்பாத்து நன்றாக இருந்தது. மஹ்ரூப் சுவரோரம் குனிந்து பிளக்குகளைத் தொட்டுப் பார்த்தார். ராஜலிங்கமும் மூக்கை உறிஞ்சினான்.

"ஆமா, என்னமோ கருகுது. மொதலாளி, ஒங்க வயரு எங்கயோ பத்துது. பாருங்க" என்றான்.

ரத்தினம்மா திரும்பினாள். கதிரைக்கடியிலிருந்து நூல் மாதிரிப் புகை எழுந்துகொண்டிருந்தது. புருஷனின் இடது கால், மேசோடு, அந்தச் சூட்டுப் பாதத்தின் தகட்டின் மேல் அழுந்தி உட்கார்ந்திருந்தது. சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப் போல அவன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

அவள் கத்தினாள். "ஐயோ, காலு! கால எடுங்க!"

"எந்தக் கால?" என்று கேட்டான் ராஜலிங்கம்.

கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான். முதலில் வலது காலைப் பார்த்தான். அப்புறம் இடது காலைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தில் ரத்தினம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்காலைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். தகடும் மேசோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. மஹ்ரூப் "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு போய் மெயின் ஸ்விட்சையே அணைத்தார். கடை இருட்டானது.

இருட்டில் சந்திரிகாவின் குரல் மட்டும் பக்தியோடு கேட்டது.

"பயப்புடாதீங்க அத்த. மாமாவுக்கு ஒன்னும் ஆகாது. ஆத்தா இருக்குற கால நெருப்பு சுடாது."

தெருவிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அந்தப் பிள்ளை கையைக் கூப்பிக்கொண்டு நின்றது. தன் விரல் கொப்பளிப்பதை மறந்து நின்றது. ரத்தினம்மா அவளைப் பார்த்தாள். தன் கையில் இருந்த காலைப் பார்த்தாள். நடுக்குழியில் நின்று கும்பிட்டவனும், எந்தக் கால் என்று கேட்டவனும் ஒரே ஆள்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கத்திரிக்கோல் குடு" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"வேணாம் புள்ள" என்றான் ராஜலிங்கம். சுட்டதற்கு வராத பயம் இப்போது அவன் முகத்தில் வந்திருந்தது. "வீட்டுல போயிப் பாத்துக்கலாம். வேணாம்."

அவள் கேட்கவில்லை. கணுக்காலிலிருந்து மேசுத் துணியை வெட்டினாள். மஹ்ரூப் அந்தத் தகட்டின் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி லைட்டைப் போட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற, ஒட்டாத இடமெல்லாம் பிரிந்து வந்தது. முன்பாதத்தில் இன்றைய சூடு வெந்து வெளுத்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவள் தயாராக இருந்தாள். குதிகாலில் இருந்ததற்குத் தயாராக இல்லை. அங்கே ஒரு குழி இருந்தது. விளிம்பு தடித்து, உள்ளே மஞ்சள் தூளும் பஞ்சும் அடைத்து, பழசாகிப்போன குழி. திருவிழாக் காலத்துப் புண். அதன் மேல்தான் அவன் தினமும் ஈரச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மலையிறங்கி, நாள் முழுக்க நின்று, மலையேறி வந்திருக்கிறான். சின்னமுத்துவின் விரலிடுக்கில் இருந்ததை விட அது பெரிது.

சந்திரிகாவின் கூப்பிய கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. மஹ்ரூப் வாளியோடு நின்றார். அந்த எப்போதும் சிரிக்கிற முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆஸ்பத்திரி" என்றார். "ஓட்டோ கூப்புடுறன்."

ஓட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், ஈரத்துணி சுற்றிய இடது காலை ரத்தினம்மா மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்புகிற நேரம் மஹ்ரூப் மழையில் ஓடி வந்தார். கையில் ராஜலிங்கத்தின் சப்பாத்து.

"இத விட்டுட்டுப் போறீங்க. நல்லாக் காஞ்சிட்டுது அக்கா" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் அதைச் சொன்னார். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மழைக்காலம் தொடங்கிய பிறகு முதல் தடவையாக அது காய்ந்திருந்தது.

பேராதனைக்கு வரும் முன்பே வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. மழை ஓட்டோவின் பக்கத் திரையை அடித்தது. டிரைவர் முன்னால் நின்ற பஸ்ஸை ஏசிக்கொண்டிருந்தான். ரத்தினம்மா முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்ப இருந்து?"

"திருவிழாவுக்கு முன்ன இருந்தே கொஞ்சம் மரமரன்னுதான் இருந்திச்சு. செருப்புக் கழண்டா தெரியாது. நடந்த பெறகு பாத்தா வெறுங்காலா இருக்கும்."

"அப்பறம் ஏன் நெருப்புல எறங்குனீங்க?"

"வருஷா வருஷம் சுடும் புள்ள. சுடுறதாலதானே ஓடுறது. இந்த வருஷம் கால வச்சேன், ஒன்னுமே தெரியல. சத்தியமா ஆத்தாதான் வந்துட்டான்னு நெனச்சேன். அழுகையா வந்திச்சு. அதான் நின்னு கும்புட்டேன்." துணி சுற்றிய காலைப் பார்த்தான். "அப்பறம் பால்ல கால வச்சேன். அது சில்லுனு இருக்கணும்ல? அதுவும் தெரியல. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"யார்ட்ட சொல்ல? பூசாரி மாலையப் போட்டுட்டாரு. சனம் பூரா கால்ல விழுந்து கெடக்குது. குனிஞ்சு பாத்தா நீயும் கெடக்குற."

அவளுக்கு அந்தப் பாதத்தைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. அவள் கண்ணீர் பட்டதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

"டொக்டரு கேட்டப்ப நாடாவச் சொன்னீங்களே."

"நல்லா இறுக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் போனேன்" என்றான் ராஜலிங்கம். "சின்னமுத்துக்கு முன்னால போயி நானும் கதிர போட்டு ஒக்காரணுமான்னு பயந்துட்டேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அடிக்கக்கூடக் கை வந்தது. ஈரத்தோடு இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள். கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். மேசு அலசுகிறானே என்று சிரித்திருக்கிறாள். அதற்குள்ளே அவன் பஞ்சை அடைத்து வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். ஆனால் மடியில் இருந்த காலின் கனம் அவளைத் திட்ட விடவில்லை. இந்தக் காலை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தம்பிக்குச் செய்ததை அவள் பார்த்தவள்.

"அந்தக் காலு? வலது காலு?"

"அது நல்லா இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"ஒன் மேல சத்தியமா. அதுல ஒன்னுமில்ல புள்ள. நீயே பாரு."

அவள் குனிந்து வலது காலின் மேசுத் துணியைத் தானே உருவினாள். ஒவ்வொரு விரலிடுக்காக விரித்துப் பார்த்தாள். உள்ளங்காலைத் திருப்பி, தெருவிளக்கு வெளிச்சம் விழும்போதெல்லாம் பார்த்தாள். ஈரத்தில் ஊறி வெளுத்திருந்தது, அவ்வளவுதான். புண் இல்லை, வெடிப்புக்கூட இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. ஒரு காலாவது மிஞ்சும். ஒரு கால் மிஞ்சினால் போதும், கோல் ஊன்றியாவது அவன் நடப்பான், அவள் பார்த்துக்கொள்வாள்.

"கண்ண மூடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுங்கன்னா. எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லணும். நெசத்தச் சொல்லணும்."

"சரி. இப்ப ஒளிக்கிறதுக்கு என்னா இருக்கு" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். நல்ல மனிதன், இந்தத் தடவை இமைக்கு நடுவில் இடுக்குக்கூட விடவில்லை.

அவள் பெருவிரலைத் தொட்டாள். தொட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கவனமாகக் காத்திருந்தான். விரலைப் பிடித்து அழுத்தினாள். பிறகு நகம் பதியக் கிள்ளினாள். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது, ஓட்டோவும் நகர்ந்தது. அவள் விடவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.

"ம், தொடு புள்ள" என்றான் ராஜலிங்கம், கண்ணைத் திறக்காமல். "சும்மா இருந்தா நான் எப்புடிச் சொல்றது?"

ரத்தினம்மாவின் மறு கை பக்கத்தில் எதையோ பிடித்துக்கொள்ளத் தேடி, சப்பாத்துக்குள் போய்விட்டது. அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இந்தா, தொடப் போறேன்" என்றாள்.